ஆறாவது ஆவணம்

மனுதாரர் தரப்பு ஆறாவது ஆவணம் ஒரு மளிகைக் கடைப் பற்று நோட்டு. சிவப்பு அட்டை, ஓரங்களில் எண்ணெய்க் கறை, கடைக்காரரின் கோழிக் கிறுக்கல். அதைத் தாக்கல் செய்தவன் நான்தான். பெண்டாட்டி பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்காமல் குடும்பம் நடத்தியவர் என் கட்சிக்காரர் என்று காட்ட அதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது என்று நினைத்தேன். அரிசி, பருப்பு, பூஸ்ட், பிஸ்கட் என்று வரி வரியாக என் ஜூனியர் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் பார்க்காமல் விட்ட ஒரு வரி அதில் இருந்தது.

2016-ல், தென் மாவட்டக் குடும்பநல நீதிமன்றம் ஒன்றில் நடந்த வழக்கு. கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது என்பது அன்றிருந்த சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு. அதனால் அந்த அப்பாவிடமும், அம்மாவிடமும், இன்று மேஜராகிவிட்ட அந்தப் பெண்ணிடமும் கேட்டு, மூவரும் சரி என்ற பிறகே எழுதுகிறேன். ஊரையும் அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

அவர் லேத் பட்டறை வைத்திருந்தார். முதல் நாள் என் அலுவலகத்துக்கு வந்தபோது பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தார். எத்தனை தேய்த்தாலும் போகாத கிரீஸ் கறை நக இடுக்கிலும் ரேகைகளிலும் இருந்தது. நாற்காலியில் உட்காரும்போது கைகளை மடியில் மறைத்து வைத்துக்கொண்டதைக் கவனித்தேன். அதற்குக் காரணம் எனக்கு அப்போது புரியவில்லை.

“பாப்பாவை எனக்கு எதிரா திருப்பிட்டா சார். நான் கையை நீட்டுனா வெடுக்குனு இழுத்துக்குது. எட்டு மாசமாச்சு, எம்பிள்ளை எங்கையைத் தொட்டு.”

மகளுக்குப் பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு. அவரிடம் சொல்லாமல் மனைவி மகளை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிவிட்டார். தெரிந்த அன்று வீட்டில் பெரிய சண்டை. மறுநாளே மனைவி மகளோடு தாய் வீடு போய்விட்டார். “வயசுக்கு வந்த பிள்ளைக்கு மூளை மாத்திரையா? நாளைக்கு யாரு கட்டுவா? ஊரு என்ன சொல்லும்?” அவர் பேசப் பேச, மனுவின் பத்திகள் என் மனதில் தாமாக வரிசை கட்டிக்கொண்டன. 1890-ஆம் வருடத்துக் காப்பாளர் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் மகளை ஒப்படைக்கக் கோரி ஒரு மனு. தீர்ப்பு வரும்வரை மருந்தை நிறுத்த ஓர் இடைக்கால மனு. தாய் திட்டமிட்டு மகளின் மனதில் நஞ்சு கலந்தார் என்பது ஐந்தாம் பத்தி. நான் எழுதியது. நம்பித்தான் எழுதினேன்.

சட்டம் எங்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருந்தது. இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956, பிரிவு 6: இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பின் தாய். அந்தப் ‘பின்’ என்பதற்குத் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது என்று 1999-ல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும், கூட இருக்கிற தந்தையைக் கேட்காமல் எடுத்த முடிவு என்று வாதாட இடம் இருந்தது. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு, குழந்தையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமைகள் இல்லை என்று 1973-லேயே, சென்னையிலிருந்து போன ரோஸி ஜேக்கப் வழக்கில், உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொல்லியிருக்கிறது. இந்தத் தீர்ப்பை எத்தனையோ மனுக்களில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். நலன் என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் சாப்பாடு, பள்ளிக்கூடம், வீட்டு வசதி, வருமானச் சான்றிதழ் என்பவையே என் மனதில் இருந்தன.

முதல் வாய்தாவில் அந்தச் சிறுமியைப் பார்த்தேன். வராந்தா பெஞ்சின் நுனியில், பெஞ்சில் உடம்பு படாதபடி ஒரு துண்டை விரித்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். கைகள் இரண்டும் மடியில், மல்லாந்தபடி. விரல் கணுக்களில் தோல் வெடித்து, கோடைகாலத்துக் கண்மாய்த் தரை மாதிரி பாளம் பாளமாக இருந்தது. இரண்டு இடங்களில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. குழாயடிப் பக்கம் பார்வை போய்ப் போய் வந்தது. அம்மாவிடம் ஏதோ கேட்டாள். அம்மா பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டாள், மறுபடியும் பதில் இல்லை. பிள்ளை கண் கலங்கிக் கேட்கிறது, பெற்றவள் வாயைத் திறக்கவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது. குறிப்பேட்டில், ‘தாயின் அலட்சியம், நேரில் கண்டது’ என்றும் எழுதிக்கொண்டேன்.

எங்கள் தரப்பில் இரண்டாவது சாட்சியாகப் பட்டறைக்குப் பக்கத்துக் கடைக்காரரை நிறுத்தினேன். அவருடைய மகனும் இப்படித்தான் கை கழுவிக்கொண்டே இருந்தானாம். பதினோரு செவ்வாய்க்கிழமை கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டியதும் சரியாகிவிட்டதாம். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். குறுக்கு விசாரணையில் ஒரு வார்த்தை பிசகவில்லை. அன்றிருந்த சாட்சியச் சட்டத்தின் 134-ஆம் பிரிவை எங்கள் தொழிலில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தோம்: ஒரு சங்கதியை நிரூபிக்க இத்தனை சாட்சி வேண்டும் என்ற கணக்கு கிடையாது. நம்பத் தகுந்த ஒருவர் போதும். கொலை வழக்கில்கூடப் போதும். அந்த ஒருவர் எனக்குக் கிடைத்துவிட்டார் என்ற தெம்பில் இருந்தேன்.

எதிர்தரப்பு சாட்சியாக அந்த மருத்துவர் வந்தார். இளைஞர். கையில் தடிமனான ஒரு கோப்பு. சிறுமிக்கு வந்திருப்பது ஓ.சி.டி. என்றார், தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்பார்கள். வேண்டாத ஓர் எண்ணம் வந்து வந்து குத்தும். அதை அடக்க ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். இந்தப் பிள்ளைக்கு வந்த எண்ணம், தன் கையிலிருக்கும் அழுக்கால் அப்பத்தா செத்துப்போய்விடுவாள் என்பது. கழுவினால் பயம் கொஞ்ச நேரம் அடங்கும். அடங்குவதாலேயே அடுத்த முறை இன்னும் அதிகமாகக் கழுவச் சொல்லும்.

குறுக்கு விசாரணைக்கு எழுந்தேன். ஒரு வாரம் தேடித் தயாரித்த கேள்வி என்னிடம் இருந்தது.

“நீங்கள் எழுதிக்கொடுத்த செர்ட்ரலின் வகை மருந்துகள் குழந்தைகளுக்குத் தற்கொலை எண்ணத்தைத் தூண்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்திருக்கிறதா, இல்லையா?”

ஆமாம் அல்லது இல்லை என்ற இரண்டே வாசல்தான் அவருக்கு வைத்திருந்தேன். “ஆமாம், 2004-ல்” என்றார். நான் உட்காரப் போனேன். நீதிபதி அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். “டாக்டர், அதை முழுசா சொல்லுங்க.”

அவர் கோப்பைப் பிரித்தார். 24 ஆய்வுகள், 4,400-க்கும் அதிகமான குழந்தைகளும் பதின்பருவத்தினரும். மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 4 பேருக்குத் தற்கொலை எண்ணமோ அது சார்ந்த நடத்தையோ தெரிந்தது. வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 2 பேருக்கு. அந்த ஆய்வுகளில் உயிரிழப்பு எதுவும் இல்லை. “வக்கீல் சார் கேட்டது சரியான கேள்விதான். ஒவ்வொரு அப்பா அம்மாவும் கேட்க வேண்டிய கேள்வி. அதனாலதான் 25 மில்லிகிராம்ல ஆரம்பிச்சேன். முதல் மாசம் வாரா வாரம் வரச் சொன்னேன். தூக்கம் கெடுறது, எரிச்சல், தனியா ஒதுங்கறது, எதையெல்லாம் கவனிக்கணும்னு அம்மாகிட்ட எழுதிக் கொடுத்திருக்கேன்.” அந்தச் சீட்டு எதிர்தரப்பு மூன்றாவது ஆவணமாகக் குறியிடப்பட்டது. தமிழில், கையால், பெரிய எழுத்தில் எழுதிய சீட்டு.

நான் விடவில்லை. மருந்து இல்லாமலே பக்கத்துக் கடைப் பையன் குணமானானே என்று கேட்டேன்.

“நல்லா இருக்கட்டும் சார். ஆனா அந்தக் கயிறுதான் குணமாக்குச்சான்னு எனக்குத் தெரியாது. கயிறு கட்டியும் குணமாகாத பிள்ளைங்க எத்தனை பேருன்னும் தெரியாது. அவங்க அப்பா யாரும் கோர்ட்டுக்கு வந்து சொல்ல மாட்டாங்க.” பிறகு 2004-ல் வெளிவந்த இன்னோர் ஆய்வைச் சொன்னார். ஓ.சி.டி. இருந்த 112 பேர், 7 முதல் 17 வயது வரை. குலுக்கல் முறையில் நான்கு பிரிவாகப் பிரித்து 12 வாரம் பார்த்திருக்கிறார்கள். மாவு மாத்திரை மட்டும் சாப்பிட்ட பிரிவில் நோய் ஏறக்குறைய முழுதாக அடங்கியவர்கள் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவு. செர்ட்ரலின் மட்டும் என்றால் 21. மருந்தில்லாமல் பயிற்சிச் சிகிச்சை மட்டும் என்றால் 39. இரண்டும் சேர்ந்தால் 54. “மாவு மாத்திரையிலயும் சில பேருக்குச் சரியாகுது பாருங்க. அதனாலதான் ஒரு பிள்ளை குணமானதை வெச்சு இன்னொரு பிள்ளைக்கு வைத்தியம் சொல்லக் கூடாது.”

நான் நின்றுகொண்டிருந்தேன். முப்பது வருடம் நான் மதித்த 134-ஆம் பிரிவு நடந்து முடிந்த ஒரு சம்பவத்துக்குப் பொருந்தும். யார் குத்தினார், எந்தக் கையெழுத்து யாருடையது என்பதற்கு ஒரு நல்ல சாட்சி போதும். நாளைக்கு இந்தப் பிள்ளைக்கு எது பலன் தரும் என்ற கேள்விக்கு, எவ்வளவு யோக்கியராக இருந்தாலும் ஒருவர் போதாது. என் சாட்சி ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆனாலும் அவர் சொன்னதை வைத்து ஒரு பிள்ளையின் மருந்தை நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன் நான்.

பயிற்சிச் சிகிச்சை என்றால் என்ன என்று நீதிபதி கேட்டார். பயத்தை எதிர்கொள்ள வைத்து, கழுவாமல் இருக்கப் பழக்குவது என்றார் மருத்துவர். சிறுமியே உட்கார்ந்து, தன்னைப் பயமுறுத்துவதை எல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் 100-க்கு எத்தனை பயம் என்று மார்க் போட வேண்டும். குறைந்த மார்க்கிலிருந்து தொடங்கி ஏணி மாதிரி ஏற வேண்டும். தொட்டுவிட்டுக் கழுவாமல் ஐந்து நிமிடம், பிறகு பத்து, பிறகு அரை மணி. கழுவாவிட்டாலும் பயம் ஒரு கட்டத்தில் தானாக இறங்கும் என்பதை அந்தப் பிள்ளையின் உடம்பே கற்றுக்கொள்ள வேண்டும். அதுவரை வீட்டில் இருப்பவர்கள் “சுத்தமாயிருச்சு” என்று ஆறுதல் சொல்லக் கூடாது. அந்த ஆறுதலும் கழுவுதல் மாதிரிதான், நோய்க்குத் தீனி.

வராந்தாவில் அந்த அம்மா ஏன் வாய் திறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. குறிப்பேட்டில் எழுதியதை அங்கேயே அடித்தேன்.

“அவ எழுதின பட்டியல் இருக்கு. கோர்ட்டுல காட்டலாமான்னு அவகிட்ட கேட்டேன். அப்பா படிக்கட்டும்னு சொன்னா.” விசாரணை மூடிய அறையில் நடந்ததால் நாங்கள் சிலரே இருந்தோம். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். நீதிபதி படித்துவிட்டு என்னிடம் தரச் சொன்னார். நான் வாங்கி, என் கட்சிக்காரரிடம் நீட்டினேன். ஸ்கூல் பையின் அடிப்பக்கம், 20. டவுன் பஸ் கம்பி, 45. பாத்ரூம் தாழ்ப்பாள், 60. அந்தத் தாளில் பல இடங்களில் ரப்பரால் அழித்து அழித்து ஓட்டை விழுந்திருந்தது. கீழிருந்து இரண்டாவது வரி: அப்பா பட்டறை கை, 90. கடைசி வரி: அப்பத்தா தட்டு, 100.

அவர் அதை ரொம்ப நேரம் படித்தார். பிறகு தாளை மேசையில் வைத்துவிட்டு, தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் மனுவின் ஐந்தாம் பத்தி, தாய் நஞ்சு கலந்தார் என்ற பத்தி, அந்த நிமிடத்தோடு செத்தது. அதை நான் அழுத்தவில்லை என்று மறுவாய்தாவில் மெமோ கொடுத்தேன்.

அன்றுதான் நீதிபதி ஆறாவது ஆவணத்தை எடுத்தார். “வக்கீல் சார், நீங்க போட்ட டாக்குமெண்ட்தான். ஜூன் மாசம் சோப்பு எத்தனைன்னு கூட்டிச் சொல்லுங்க.” கூட்டினேன். முப்பத்தொன்று. நாலு பேர் இருக்கிற வீடு. ஜனவரியில் ஐந்து இருந்தது மாதா மாதம் ஏறி முப்பத்தொன்றுக்கு வந்திருந்தது. “பாப்பா அழுவும் சார், வாங்கிக் குடுத்துருவேன்” என்றார் அவர். பிள்ளை மேல் வைத்த பாசத்துக்குச் சாட்சியாக நான் கொடுத்த நோட்டு, நோயின் வரைபடமாக மாறிவிட்டது. அவருடைய பாசமும் அதில் பொய்யில்லை. நோய் அந்தப் பாசத்தையே பிடித்துக்கொண்டு வளர்ந்தது.

குடும்பநல நீதிமன்றச் சட்டம், 1984, பிரிவு 12-ன்படி மருத்துவ வல்லுநரின் உதவியைக் கேட்டுப் பெறலாம். பிரிவு 14-ன்படி சாட்சியச் சட்டத்தின் கட்டுக்குள் வராத அறிக்கையையும் ஏற்கலாம். இருந்தும் பல வழக்குகளில் இரண்டும் ஏட்டுச் சுரைக்காயாகவே கிடக்கின்றன. அந்த நீதிபதி இரண்டையும் எடுத்துப் பயன்படுத்தினார். மருந்தும் பயிற்சியும் தொடர வேண்டும். பெற்றோர் இருவரும் நான்கு அமர்வுகளுக்கு மருத்துவரிடம் சேர்ந்து போக வேண்டும். ஞாயிறுகளில் மகள் அப்பாவிடம் இருப்பாள். மாதம் ஒரு முறை மூடிய உறையில் அறிக்கை. என் இடைக்கால மனு தள்ளுபடி. தொழிலில் தோற்ற மனுக்கள் நிறைய உண்டு. தோற்றதற்காக நன்றி சொல்ல நினைத்தது இந்த ஒன்றுக்கு மட்டும்.

இரண்டாவது மாதம் ஓர் இரவு ஒன்பது மணிக்கு அவர் என் அலுவலகத்துக்கு வந்தார். கேஸ் விஷயமாக இல்லை. “பாத்ரூம் வாசல்லயே உக்காந்திருந்தேன் சார். உள்ள இருந்து, ‘அப்பா, சுத்தமாயிருச்சா சொல்லுப்பா, ஒரு தடவை சொல்லுப்பா’ன்னு கேக்குது. ஒரு வார்த்தை சொன்னா போதும், வெளிய வந்துரும். சொல்லலை சார். நாப்பது நிமிஷம். தூணைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் அதுவாவே வந்துச்சு. மூஞ்சியெல்லாம் வீங்கி... வந்து எம்பக்கத்துல உக்காந்துருச்சு.” ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் குடும்பத்துக்கு மருத்துவரும் பயிற்சி தர ஆளும் பேருந்து தூரத்தில் கிடைத்தார்கள். எத்தனை பேருக்கு அது வாய்க்கிறது? 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் நூற்றுக்கு 7 பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது தெரியவந்தது. மாத்திரை எழுதிக் கொடுப்பது பத்து நிமிட வேலை. ஏணியின் ஒவ்வொரு படியிலும் ஒரு பிள்ளையோடு நிற்பதற்கு வாரம் ஒரு மணி நேரம், மூன்று மாதம், பயிற்சி பெற்ற ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் மாவட்டங்களில் அரிது. பலன் தருமென்று சோதித்து அறிந்த சிகிச்சை இருந்தும் அது பிள்ளையின் கைக்கு எட்டவில்லை என்பதை என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

சட்டம் பிறகு கொஞ்சம் முன்னேறியது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அடுத்த வருடம் அமலுக்கு வந்தது. குழந்தைகளுக்கான மனநலச் சேவையை அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது அதன் 18-ஆம் பிரிவு. காப்பாளரே மைனரின் பிரதிநிதி. ஆனால் அவர் பிள்ளையின் நலனுக்கு மாறாக நடந்தால் மனநல வாரியம் வேறொருவரை நியமிக்கலாம். யாரையும் எவ்விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது 95-ஆம் பிரிவு. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில், கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியை ஜூனியராக இருந்த பையனுக்குப் படித்துக் காட்டியது இன்றும் நினைவில் இருக்கிறது. 2022-லிருந்து 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் உதவி கிடைக்கிறது. பிள்ளை விஷயமாக என்னிடம் வருகிற பெற்றோருக்கு இந்த எண்ணை வக்காலத்துப் படிவத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

அந்த வழக்கு பத்து மாதத்தில் சமரசத்தில் முடிந்தது. சிறுமியின் நோய் மதிப்பெண், 40-க்கு 29 இருந்தது, 12-க்கு இறங்கியிருந்தது. கணவன் மனைவி ஒரே வீட்டுக்குத் திரும்பினார்களா என்பது அவர்கள் சொந்த விஷயம், எழுதுவதாக இல்லை. கூட்டு சமரச மனுவை நானும் எதிர்தரப்பு வக்கீலும் சேர்ந்து தயாரித்தோம். பள்ளிக் கட்டணம், விடுமுறை நாட்கள், மருத்துவச் செலவு என்று வழக்கமான பத்திகள். ஏழாவது பத்தி என் கட்சிக்காரர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. சட்டத் தமிழுக்கு மாற்றவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

நீதிபதி மனுவைப் படித்துக்கொண்டே வந்தவர் ஏழில் நின்று, சத்தமாக வாசித்தார். “மகள் ‘சுத்தமாயிருச்சா’ என்று கேட்டால் அப்பாவும் பதில் சொல்லுவதில்லை, அம்மாவும் பதில் சொல்லுவதில்லை, கூடவே உட்கார்ந்திருக்கிறது.” கண்ணாடியைக் கழற்றிவிட்டு இருவரையும் பார்த்தார்.

“சம்மதமா?”

“சம்மதம்மா” என்றார் அம்மா. அப்பா கூண்டின் கட்டையைப் பிடித்திருந்த கையை எடுத்து, கிரீஸ் கறையோடு கும்பிட்டு, “முடிஞ்ச மட்டும் உக்காந்திருப்பேன்மா” என்றார். நீதிபதி பச்சை மசியில் கையெழுத்துப் போட்டார். ஆறாவது ஆவணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள நான் மனு போடவில்லை. அது அந்தக் கட்டிலேயே இருக்கிறது.